மதீனா பீவியின் மூக்கு

தாராவியில் கார்கானா என்று சொல்லும் தோல் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்தில் குடியிருந்துகொண்டு மூக்கை நம்பி வாழ்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. தோல், பசை, சாக்கடை, யாரோ வீட்டில் வறுக்கிற கருவாடு என்று எல்லா வாடையும் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கும். அதற்கு நடுவிலும் மதீனா பீவிக்கு, தன் புருஷன் நாகூர் கனி மேலே கார்கானாவிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கும்போதே, அவர் பீடி குடித்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் மென்று, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாலும் தெரிந்துவிடும். இருபத்துநாலு வருஷக் குடித்தனத்தில் அந்த மூக்கு ஒரு தடவைகூட ஏமாந்தது கிடையாது.

நாகூர் கனியும் சளைத்தவர் இல்லை. பீடியை விட்டுவிட்டேன் என்று அல்லாஹ் மேல் ஏழு தடவை சத்தியம் செய்தவர். எட்டாவது தடவை நிஜமாகவே விட்டுவிட்டார். அதை நம்ப அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. மற்றபடி நல்ல மனிதர். கீழே ஒரே அறையில் குடும்பம், மேலே இன்னொரு அறையில் மூன்று தையல் மிஷின். தோல் பை தைக்கிற வேலையில் முதலாளியும் அவரே, முதல் மிஷின்காரரும் அவரே. மூன்றாவது மிஷின் மேலே ஏறிய அன்று பசை டப்பாக்களும் தோல் சுருள்களும் கீழே இறங்கின. அவற்றுக்கு இடம் விட்டு வீட்டு ஃப்ரிட்ஜ் வெளியே போயிற்று. பிற்பாடு இருவரும் நினைத்து நினைத்து நொந்துகொண்டது அந்த ஒரு காரியத்தைத்தான்.

பெருநாள் முடிந்த பத்தாம் நாள், மதீனா பீவி தரையைத் துடைக்கும்போது ஏணியடியிலிருந்து தண்ணீர் டிரம் வரை ரத்தத்தில் கால்தடம் இருந்தது. நாகூர் கனியின் வலது கால் பெருவிரலில் ஓர் ஆணி ஏறி முறிந்து கிடந்தது. அதோடுதான் மனிதர் காலையிலிருந்து மிஷின் மிதித்திருக்கிறார். வலிக்கவில்லையா என்று கேட்டால், எது வலிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் துடைத்த துணியைப் போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சுகர் நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. டாக்டர் ஸ்மிதா கண்டிப்பான ஆள், ஆனால் பொறுமையாகப் பேசுவார். மாத்திரை இதற்குப் போதாது, காலையில் பதினாலு, மாலையில் எட்டு அளவு இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். சுகர் இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் சீழ் எலும்புக்குப் போகும், அப்புறம் விரலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். நாகூர் கனி குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பையின் மூலையில் தையல் திரும்பும்போது மிஷினை ஒவ்வொரு குத்தாக நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். அந்த நிதானம் முழுக்க அவருடைய அந்த ஒற்றை விரலில்தான் இருந்தது.

ஊசிக்குப் பழகுவது பெரும்பாடாகத்தான் இருந்தது. தோலில் நாளெல்லாம் ஊசி ஏற்றுகிற மனிதர், தன் வயிற்றில் ஒரு முடியளவு ஊசி ஏற்றுவதற்கு முதல் நாள் அரைமணி நேரம் வியர்த்து வடிந்தார். செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற மகள் பரீஹாதான் நர்ஸிடம் பாடம் கேட்டுக்கொண்டு வந்தாள். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டு, சிரிஞ்சில் கோடு பார், வயிற்றுச் சதையைக் கிள்ளு, குத்து, பத்து எண்ணு. மூன்றாம் நாள் அவரே போட்டுக்கொண்டார். விரலில் ரத்தம் எடுத்து சுகர் பார்க்கிற சின்ன மிஷின் ஒன்றையும் பரீஹா வாங்கி வந்தாள்.

மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து அறையில் கீதா இருந்தாள், திருநெல்வேலிக்காரி. வாசலிலேயே பாக்கெட் ஐஸ் விற்கிறவள். ஆரஞ்சு நிறத்தில் சீனித் தண்ணீர் கரைத்து, நீளப் பைகளில் அடைத்து, ஃப்ரிட்ஜில் கல்லாக உறைய வைத்துச் சந்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். நாகூர் கனியை அண்ணாச்சி என்றும் மதீனா பீவியை மைனி என்றும் கூப்பிடுவாள். மருந்துக் குப்பியை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தொட்டால் உதிர்கிற பெட்ரோமாக்ஸ் மேண்டிலைக்கூட யாரும் அவ்வளவு பக்குவமாக வாங்கியிருக்க மாட்டார்கள்.

காலை எட்டு மணிக்கும் மாலை ஏழரைக்கும் நாகூர் கனி கீதா வாசலுக்குப் போவார். அவர் குரல் கொடுப்பதற்கு முன்பே அவள் குப்பியை ஒரு துண்டில் சுற்றித் தயாராக நீட்டுவாள். வெளியே எடுத்து வைத்த மருந்தைப் போல லேசான வெதுவெதுப்போடு இருக்கும். ஊசி போட்ட பத்தாவது நிமிஷம் குப்பி அவளிடம் திரும்பிவிடும். புதுக் குப்பி வாங்கினாலும் முதலில் அவளிடம்தான் போகும். ஆஸ்பத்திரியில்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நாகூர் கனி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியின் உள்பக்கம் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்ததை மதீனா பீவி ஒரு நாள் பார்த்தாள். மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சுகர் முந்நூற்று எழுபத்தொன்று. டாக்டர் ஸ்மிதா சீட்டைப் பார்த்தார், நாகூர் கனியின் முகத்தைப் பார்த்தார், இனிப்பு ஏதாவது உள்ளே போகிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இல்லை என்றார் நாகூர் கனி. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார். அந்தச் சிரிப்பு மதீனா பீவியின் மனதில் தைத்துவிட்டது.

அன்றிலிருந்து வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆயிற்று. முனைக் கடையில் டீக்காரனிடம் போய், என் வீட்டுக்காரருக்கு நீ சீனி போட்டு டீ கொடுத்தால் உன் அடுப்பை அணைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மேலே வேலை பார்க்கிற தௌசீபைக் கூப்பிட்டு, முதலாளி என்ன தின்கிறார் என்று தினமும் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றாள். அவன் பாவம், அவளுக்கு அண்ணி முறை வைத்து, ஒன்றும் இல்லை பாபி, ஒன்றும் இல்லை பாபி என்று தினமும் வந்து சொன்னான். அவனும் கூட்டுக்களவாணி என்று முடிவு கட்டினாள். வீட்டிலிருந்த சீனி, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் வரைக்கும் ஒரு பையில் போட்டு, ஐஸுக்கு ஆகும் என்று கீதாவிடம் கொடுத்துவிட்டாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அப்புறம் மூக்கு. ஏணியில் இறங்கியதும் அவரை நிறுத்தி முகத்தருகே போய் மோந்து பார்ப்பாள். டீயில் வெந்த சீனிக்கு ஒரு வாடை உண்டு. மிட்டாய்க்கு வேறு. வெல்லத்துக்கு வேறு. எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. தோல் வாடை, பசை வாடை, வியர்வை, அவ்வளவுதான். மூக்கு தினமும் நல்ல சேதிதான் சொல்லிற்று. ஆனால் பரீஹாவின் மிஷின் முந்நூறுக்குக் கீழே இறங்க மறுத்தது. மதீனா பீவி மூக்கை விட்டுவிட்டு மிஷினை நம்பினாள்.

நாலாவது வாரம் முந்நூற்று எண்பத்தெட்டு. விரலின் ஓரம் கறுத்திருந்தது. டாக்டர் ஸ்மிதா இந்தத் தடவை சிரிக்கவில்லை. காலையில் இருபத்தெட்டு, மாலையில் பதினாறு என்று மருந்தை மறுபடி கூட்டினார். மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியைச் சீட்டில் எழுதி, பக்கத்தில் சர்ஜன் என்று எழுதி வட்டம் போட்டார். அன்றைக்கும் இப்படியே இருந்தால் சர்ஜன் பார்ப்பார் என்றார்.

வீடு வந்து சேர்ந்து செருப்பைக் கழற்றியதும் மதீனா பீவி வாயைத் திறந்தாள்.

"ஒத்த விரலுக்காவ ஒங்க நாக்கக் கட்ட முடியலியா? வெரல் போனா மிஷின் போச்சி. மிஷின் போனா நாம எங்க போவோம்? எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லுங்க."

"நெசத்தத்தான் சொல்லுதேன். அல்லாஹ் மேல சத்தியமா ஒரு பொட்டுச் சீனி என் வாயில படல, மதீனா."

"பீடிக்கும் இதே சத்தியந்தான பண்ணுனீய."

நாகூர் கனி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது தின்கிறேனா, நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டிலேயே ஒரு சப்பாத்தியைக் குறைத்தாள்.

மறுநாள் கீதா கல்யாணில் அக்காள் வீட்டுப் பால்காய்ப்புக்குக் கிளம்பினாள். கிளம்புமுன் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் மிச்சமிருந்தது அன்று மாலை ஊசிக்குச் சரியாகப் போயிற்று. பரீஹா வரும் வழியில் புதுக் குப்பி வாங்கி வந்தாள். கீதா வீடு பூட்டியிருந்ததால் அதை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நிழலில் வைத்தார்கள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நாகூர் கனி புதுக் குப்பியிலிருந்து இருபத்தெட்டு ஏற்றிக்கொண்டார். ஒன்றரைச் சப்பாத்தியும் பருப்பும் தின்றார். பரீஹா வேலைக்குப் போனாள். அவர் மேலே ஏறினார்.

பத்தரை இருக்கும். மதீனா பீவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். மேலே அவருடைய மிஷின் சத்தம் மாறியது. அவர் மிஷின் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். அதுதான் அவர் தையல். இப்போது நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தது. தௌசீப், சேட், சேட் என்று கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. அவள் ஈரக்கையோடு ஏணியில் ஏறினாள்.

நாகூர் கனியின் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. கால் மட்டும் மிதியை அழுத்திக்கொண்டிருக்க, தையல் பையைத் தாண்டி ஓடியிருந்தது. தௌசீப் ஸ்விட்சை அணைத்தான். மதீனா பீவி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்த்து, யாரோ புது வியாபாரியிடம் சிரிப்பதுபோலச் சிரித்தார். என்னமோ சொன்னார், நாக்கு புரளவில்லை. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. இரண்டு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதையோ தின்றுவிட்டார், சுகர் தலைக்கு ஏறிவிட்டது. சுகர் ஏறினால் என்ன செய்வது? ஊசி போட வேண்டும். அவள் கீழே இறங்கினாள். டிரம்முக்குப் பின்னாலிருந்து குப்பியை எடுத்தாள். சிரிஞ்சில் காலையில் பார்த்த அதே கோடு வரைக்கும் மருந்தை இழுத்தாள். சிரிஞ்சைப் பிடித்த கையோடு ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள்.

ஊசியை வயிற்றில் எத்தனை ஆழம் குத்த வேண்டும் என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஒரு தடவைகூட அவள் போட்டதில்லை. அதனால்தான் நின்றாள். அதனால்தான் பரீஹாவுக்குப் போன் செய்தாள். வேறு எந்தப் புத்திசாலித்தனமும் அதில் இல்லை.

"உம்மா, ஊசி வேண்டாம். பஹ்லே, மொதல்ல செக் பண்ணுங்க. மிஷின்ல செக் பண்ணுங்க, நான் லைன்ல இருக்கேன்."

மிஷினை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, அவர் கைவிரலைக் குத்தி ரத்தம் எடுத்து அதில் வைத்தாள். முப்பத்தெட்டு என்று வந்தது. அவள் முந்நூற்று எண்பது என்று வாசித்தாள். பரீஹா மறுபடி பார்க்கச் சொன்னாள். மூன்று, எட்டு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

"சுகர் எறங்கிருச்சு உம்மா. ரொம்ப எறங்கிருச்சு. ஒடனே சீனி குடுங்க, சீனித்தண்ணி. இப்பவே."

மதீனா பீவி கீழே வந்து சீனி டப்பாவை எடுத்தாள். கழுவிக் கவிழ்த்த டப்பா. அவளே கழுவியது. அடுத்த டப்பா, அதற்கடுத்த டப்பா. கருப்பட்டி இல்லை, தேன் இல்லை, ஒரு பேரீச்சம்பழக் கொட்டைகூட அந்த வீட்டில் இல்லை. தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு அடுக்களையை அவள் வைத்திருந்ததில்லை. வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வாசலில் கீதா, தோளில் பையோடு, பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். கல்யாணிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

சீனி என்ற ஒரு வார்த்தைதான் மதீனா பீவியின் வாயிலிருந்து வந்தது. கீதா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சீனி டப்பாவைத் தேடவில்லை, ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் ஐஸ் அறைக்குள் கையை விட்டு நாலைந்து பாக்கெட்டை உருவினாள். ஒரு மக்கில் டிரம் தண்ணீரை மோந்து அவற்றை உள்ளே போட்டாள். மே மாத வெயிலில் அந்தத் தண்ணீர் காய்ச்சி ஆற்றியதுபோல இருந்தது.

"பயப்படாதீய மைனி, ரெண்டு நிமிசத்துல எளகிரும். அண்ணாச்சி மருந்து இத விடக் கல்லாட்டம்லா கெடக்கும். அதையே தெனம் இப்படித்தான எளக்கிக் குடுக்கேன். ஒங்க சீனிதான் இது, நீங்க குடுத்தது."

அந்தப் பேச்சு மதீனா பீவியின் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. மக்கைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பின்னாலேயே கீதா ஏறினாள். தௌசீப் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டான். கீதா பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். ஆரஞ்சுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் பிழிந்தார்கள். முதல் வாய் தாடியில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினார். ஒவ்வொரு மடக்குக்கும் மதீனா பீவி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது பாக்கெட்டில் அவர் கண் ஒரு நிலைக்கு வந்தது. அவளைப் பார்த்தார், கீதாவைப் பார்த்தார், கையில் இருந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"இது சீனில்லா," என்றார். "மதீனா, நான் கேக்கல. இவங்கதான் குடுத்தாங்க."

அதைக் கேட்டதும் மதீனா பீவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்மிதா எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். மருந்து எந்தக் குப்பியிலிருந்து? புதுசு. பழசு எங்கே இருந்தது? பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில். ஃப்ரிட்ஜில் எங்கே? அப்போதுதான் மதீனா பீவிக்கு கீதா வீட்டில் காதில் விழுந்த பேச்சு உள்ளே இறங்கியது. கல்லாட்டம் கிடக்கும், இளக்கிக் கொடுப்பேன். தனக்குத் தெரிந்த இந்தியில் அதைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

உறைந்துபோன இன்சுலின் அத்தோடு கெட்டுவிடும், இளக்கினாலும் அதற்கு உயிர் வராது என்றார் டாக்டர். ஒரு மாதமாக இவர் போட்டுக்கொண்டது பேருக்குத்தான் மருந்து. அது வேலை செய்யாததால் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். இன்று முதல்முதலாக நல்ல மருந்து அந்தப் பெரிய அளவில் உள்ளே போய்விட்டது. எங்கே வைக்கிறீர்கள் என்று நானும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார். மருந்தைப் பழையபடி பதினாலுக்கும் எட்டுக்கும் இறக்கினார். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு சின்ன மண்சட்டியை ஈரமணலில் பதித்து அதற்குள் வையுங்கள், போதும் என்றார். அப்புறம் நாகூர் கனியைப் பார்த்து, நீங்கள் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும் என்று சொன்னார். டாக்டர் சொல்லிவிட்டார். மதீனா பீவிக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் வந்தது கோபம். திரும்பும்போது டாக்ஸியில், கீதாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னாள். நாகூர் கனி தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் கேக்காத. கெட்டுரக் கூடாதேன்னு அந்தப் பிள்ள உள்ள வச்சிருக்கு. நான் வாரதுக்குள்ள எளக்கணுமேன்னு தெனம் எனக்கு முன்னால எந்திரிச்சிருக்கு. இதச் சொன்னா அவ சோறு திங்க மாட்டா."

அன்று சாயங்காலம் ஏழரைக்குக் கீதாவே வந்து வாசலில் நின்றாள். ஊசி போட்டாயிற்றா, மருந்தைக் கொடுங்கள், கொண்டுபோய் வைக்கிறேன் என்றாள். மதீனா பீவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. நாகூர் கனி, இது வேறு கம்பெனி மருந்து, இதை ஃப்ரிட்ஜிலேயே வைக்கக் கூடாது, மண்சட்டியில்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். கீதா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"எம்மேல என்னமும் தப்பா அண்ணாச்சி?"

"ஒம்மேல என்னத் தப்பு? ஒன் ஐஸு இல்லன்னா இன்னைக்கு நான் மையித்தாப் போயிருப்பேன். பழைய மருந்த நீ பாத்த மாதிரி யாரு பாப்பா? இது வேற மருந்தும்மா, அவ்வளவுதான்."

கண் இமைக்கவில்லை, குரல் பிசகவில்லை. கீதா முகம் தெளிந்து, மண்சட்டி தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று எடுத்துவரப் போனாள். மதீனா பீவி அடுப்பைவிட்டுத் திரும்பினாள்.

"ரெண்டு வாரமா நெசத்தச் சொன்னீய, நான் நம்பல. இப்ப ஒரு பொய்யி. அவ கேட்ட ஒடனே நம்பிட்டா."

"பொய்யி எனக்குக் கைவந்த வேலைலா," என்றார் நாகூர் கனி. "பீடியில பழகுனது. நெசந்தான் புதுசு. அதான் சரியா வரல போலுக்கு."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

நல்ல மருந்து அந்தப் பழைய அளவிலேயே வேலை செய்தது. இருநூற்று முப்பது, நூற்றுத் தொண்ணூறு, நூற்றறுபது என்று பரீஹாவின் மிஷின் இறங்கிவந்தது. வட்டம் போட்ட தேதியில் டாக்டர் ஸ்மிதா கட்டைப் பிரித்துப் பார்த்தார். நகம் போயிருந்தது. விரலோரம் கொஞ்சம் சதை போயிருந்தது. கறுப்பு நின்று, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் ஏறியிருந்தது. சர்ஜன் என்று எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். நாகூர் கனி வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட உட்காராமல் ஏணியில் ஏறினார். மதீனா பீவி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடியது, நின்றது. ஓடியது, நின்றது.

சாயங்காலம் அவர் இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று, பழைய பழக்கத்தில், யாரும் கேட்காமலே முகத்தை அவள் பக்கம் நீட்டினார். நீட்டிய பிறகுதான் நினைவு வந்து பின்வாங்கப் பார்த்தார். அவள் சட்டைக் காலரைப் பிடித்து அவரை நிறுத்தினாள். கிட்டப் போய் மோந்து பார்த்தாள். தோல், பசை, வியர்வை.

"ஒண்ணும் இல்ல," என்றாள். காலரை விடவில்லை. "அன்னைக்கும் ஒண்ணும் இல்ல. எல்லா நாளும் ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."